ஹைரூல் நாட்டுத் தேசப்படங்கள்: வழுவும் வழுவமைதியும்

கதை எதுவாயினும் அது நிகழ்தற்கு ஓர் இடமும் ஒரு காலமும் வேண்டும். நிலமும் பொழுதும் முதற்பொருளெனத் தமிழ் இலக்கண நூலார் வகுத்ததன் கருத்தும் இதுவே. மாந்தரும் அவர்தம் செயலும் உணர்ச்சியும் அம்முதற்பொருளின்மேல் நின்றே விளங்குவன. இக்காலத்து இளைஞர் பெரிதும் ஈடுபடும் வீடியோ விளையாட்டுகளுக்கும் இவ்வுண்மை பொருந்தும். காவியம் படிப்போன் நிலத்தை மனக்கண்ணாற் காண்கிறான்; விளையாடுவோனோ அந்நிலத்தில் தானே நடக்கிறான். வலப்புறம் திரும்பினால் ஏரி, இடப்புறம் திரும்பினால் ஊர் என அவன் உடம்பே பழகிவிடுகின்றது. ஆதலின் நிலம்பற்றிய முரண்பாடு காவியத்திற் காணப்படுவதினும் இவ்விளையாட்டுகளில் வலிந்து உறுத்தும்.

கற்பனை நாடொன்றின் தேசப்படத்துக்கும் உண்மை நாடொன்றின் தேசப்படத்துக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் மனங்கொள்ளல் வேண்டும். கி.பி. 2ஆம் நூற்றாண்டினராகிய தொலமி என்னும் புவியியலறிஞர் நமது ஈழத்தீவைத் தப்ரபேன் என்னும் பெயரால் அதன் உண்மையளவினும் பன்மடங்கு பெரிதாகக் காட்டினார். பின்வந்தோர் அதனைத் திருத்தினர். அளந்து பார்ப்பதற்கு நிலம் இருந்தமையின் திருத்தம் இயல்வதாயிற்று. கற்பனை நாட்டுக்கோ அளத்தற்குரிய நிலம் வேறில்லை; படமே நிலம். இரண்டு படங்கள் முரண்படுமாயின் எதனைக் கொண்டு எதனைத் திருத்துவது? இவ்வினாவை யப்பானிய விளையாட்டுத் தொடரொன்றின் வாயிலாக ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது 'த லெஜென்ட் ஒவ் செல்டா' என்னும் தொடர். நின்ரெண்டோ நிறுவனத்தில் ஷிகெரு மியமோற்றோ, தகாஷி தெசுக்கா என்போர் முன்னின்று ஆக்கிய முதல் விளையாட்டு 1986ஆம் ஆண்டு வெளிவந்தது. ஹைரூல் என்னும் நாடு, அதன் அரசிளங்குமரி செல்டா, அவளையும் நாட்டையும் காக்கும் லிங்க் என்னும் வீரன், அவர்க்குப் பகைவனாகிய கனன் என்பன தொடர்முழுதும் பெரும்பாலும் மீண்டும் மீண்டும் வருவன. வீரன் ஒருவனேயல்லன், காலந்தோறும் அப்பெயரோடு தோன்றும் வேறு வேறு வீரர் என்பதே கதையின் அமைப்பு. மாந்தர் மாறினும் நாடு ஒன்றே. ஆகவே தொடரைக் கட்டிநிற்கும் கயிறு நிலமேயாதல் வேண்டும். அந்நிலத்தின் படங்களோ தம்முள் ஒவ்வாதன.

அளவுகோல்

முரண்பாடு கண்டவிடத்துக் குற்றமெனக் கூவுதலும் வேண்டா. அன்புமிகுதியால் மூடி மறைத்தலும் வேண்டா. மொழி வழக்கை ஆராய்ந்த நம் இலக்கண ஆசிரியர் மூன்று நிலைகளை வகுத்தனர். முறையோடு பொருந்தி வருவது வழாநிலை. முறை பிறழ்ந்து வருவது வழு. முறை பிறழ்ந்ததாயினும் தக்க காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. உவப்பு மிகுதியால் ஒருவன் தன் பசுவைத் தாயென அழைத்து அதற்கு உயர்திணை வினை கொடுத்துரைப்பின் அது குற்றமாகாது. உவப்பு என்னும் காரணம் அதனை அமைதியாக்குகின்றது. இங்கு ஒன்று கவனிக்கத்தக்கது. காரணம் வெளியிலிருந்து வருவதன்று. பேசுவோன் சொல்லிலேயே அது புலனாகின்றது. இவ்வளவுகோலையே ஹைரூல் நாட்டுப் படங்களுக்கும் கொள்வோம். காரணம் நூலினுள்ளேயே கிடைப்பின் அமைதி. நூலுக்குப் புறம்பே தேடவேண்டியிருப்பின் வழு.

முதல் விளையாட்டின் நிலம் அகலத்தில் பதினாறும் உயரத்தில் எட்டுமாக 128 திரைகளாலாயது. அதன் வட எல்லையில் மரணமலை நிற்கின்றது. அடுத்த ஆண்டு, 1987இல், இரண்டாம் விளையாட்டு வெளிவந்தது. அதன் படத்தில் மரணமலை தென்புறத்திற் காணப்படுகின்றது. மேலோட்டமாக நோக்குவோர் இதனை முரண்பாடென்பர். ஆயின் இரண்டாம் படம் காட்டும் நாடு மிகப் பெரியது. முதற்படத்து நாடு முழுவதும் அதன் தென்கோடியில், மலைக்குக் கீழே, ஒரு சிறு துண்டாய் அடங்குகின்றது. மலை தன்னிடத்திலேயே நிற்கின்றது. சட்டம் விரிந்தமையால் வடக்கு தெற்காகத் தோன்றிற்று. முன்னைப் படத்தைப் பொய்யாக்காது அதனைத் தன்னுள் அடக்கிக்கொள்ளும் இம்முறை வழாநிலைக்கே உரியது. பிற்கால ஆசிரியர் இவ்வழியைப் பின்பற்றியிருப்பின் இக்கட்டுரைக்கு இடமிராது.

முதல் விளையாட்டின் வழிமயக்குங் காட்டினையும் இங்கு நினைவுகூர்தல் தகும். அக்காட்டினுள் ஒரே திசையை நோக்கி நடப்பவன் புறப்பட்ட இடத்துக்கே மீள்வான். குறித்தவொரு வரிசையில் திசைமாறி நடப்பவனே வெளியேறுவான். எந்தத் தேசப்படமும் இதனை வரைதல் இயலாது. ஆயினும் இது வழுவன்று. படம் பொய்க்கும் இடமென்றே ஆசிரியர் அதனை ஆக்கினார். மயங்குதலே அவ்விடத்தின் இயல்பு. ஓரிடத்திற் படம் பொய்க்கும் எனத் துணிந்து காட்டிய ஆசிரியர், ஏனைய இடங்களிற் படம் மெய்யென்று நம்மை நம்பச் செய்தவருமாவார்.

எதிர்மூலைக்குச் சென்ற ஏரியும் காடும்

உண்மையான இடர்ப்பாடு 1991ஆம் ஆண்டின் 'ஏ லிங்க் ரு த பாஸ்ட்', 1998ஆம் ஆண்டின் 'ஒக்கரீனா ஒவ் ரைம்' என்னும் இரண்டினையும் ஒப்பிடும்போது எழுகின்றது. 1991ஆம் ஆண்டுப் படத்தில் அரண்மனை நடுவே உள்ளது. வடக்கே மரணமலை, வடமேற்கே வழிமயக்குங் காடு, மேற்கே காக்கரிக்கோ என்னும் ஊர், தென்மேற்கே பாலை, தென்கிழக்கே ஹைலியா ஏரி. 1998ஆம் ஆண்டுப் படத்தில் நடுவே பெருவெளியொன்று கிடக்க, அரண்மனை வடக்கே விலகிச் சென்றது. மரணமலை வடகிழக்கே, அதன் அடிவாரத்திலேயே காக்கரிக்கோ. காடு தென்கிழக்கே, ஏரி தென்மேற்கே, பாலை மேற்கே. மலையும் பாலையும் தம்மிடத்தினின்றும் சிறிதே நகர்ந்தன. காடோ வடமேற்கினின்றும் நேர் எதிர்மூலைக்குச் சென்றது. ஏரி கிழக்கினின்றும் மேற்குக்குப் போயிற்று. ஊர் மேற்கை விட்டு வடகிழக்கை அடைந்தது. கதையின் காலவரிசையில் 1998ஆம் ஆண்டின் விளையாட்டே முற்பட்டதென்பதையும் கருதுக. முற்காலத்துக் கதை பிற்காலத்தில் வந்து, இருந்த நிலத்தைப் புரட்டிவிட்டது.

இதற்குக் காரணம் காண்பது அரிதன்று. 1991ஆம் ஆண்டின் விளையாட்டில் நிலத்தை வானிலிருந்து நோக்குகிறோம். நடுவே ஒரு கட்டடமும் அதனைச் சூழ நாற்றிசையும் அமைவது அந்நோக்குக்கு ஏற்றது. 1998இல் நிலம் முப்பரிமாணமாயிற்று. வீரனின் தோளுக்குப் பின்னின்று நோக்குகிறோம். காட்டில் வளர்ந்த சிறுவன் முதன்முறையாக வெளியே வந்து வெட்டவெளியைக் காணவேண்டும். தொலைவில் அரண்மனை தெரியவேண்டும். அதனை அடைவது ஒரு பயணமாதல் வேண்டும். அதற்குக் காடு ஒரு கோடியிலும் அரண்மனை மறுகோடியிலும் இருத்தல் இன்றியமையாதது. வெளியினின்றும் கிளைவழிகள் பிரிந்து தனித்தனி நிலங்களுக்குச் செல்லும் அமைப்பு, அக்காலக் கருவியின் ஆற்றலுக்கும் பொருந்தியது. சுருங்கச் சொல்லின், முன்னையது நிலமளப்போன் வரைந்த படம். பின்னையது வழிநடப்போன் வரைந்த படம்.

இக்காரணம் ஆக்கியோன் பட்டறையைச் சார்ந்தது. நூலின் அகத்தே இல்லை. ஆகவே மேற்கூறிய அளவுகோலின்படி இது வழுவென்றே முடியுமோ எனின், அத்துணை விரைந்து தீர்ப்புரைத்தல் கூடாது. மாறியவற்றைக் கண்டோம், மாறாதன எவை? 1998ஆம் ஆண்டு முதலாக மலைக்குரியோர் கொரோன் மக்கள்; கல்லையே உணவாகக் கொள்பவர். நீர்நிலைக்குரியோர் ஸோரா மக்கள். பாலைக்குரியோர் கெருடோ மகளிர். காட்டுக்குரியோர் என்றும் குழந்தைகளாகவே இருக்கும் கொக்கிரியர். மலையிடத்தே நெருப்பும் உழைப்பும், காட்டிடத்தே மயக்கமும் இளமையும், பாலையிடத்தே வறுமையும் வன்மையும் உரியனவாய் அமைந்தன. முதல், கரு, உரி என்னும் நம் பகுப்பினை அறிந்த மாணவன் இதனை எளிதில் உணர்வான். திசை மாறினும் திணை மாறவில்லை. குறிஞ்சி எத்திக்கில் உள்ளது என எவரும் வினவுவதில்லை. அங்கு வாழ்வோர் யார், நிகழ்வது யாது என்றே வினவுவர். அவ்வகையில் ஹைரூல் நாடு தன் ஒருமையை இழந்திலது. வாய்வழி வந்த பழங்கதையொன்றை இருவர் இருவகையாகச் சொன்னாற்போல இவ்விரு படங்களையும் கொள்ளலாம். தொடரின் பெயரிலேயே பழங்கதை என்னும் பொருளுடைய சொல் நிற்றலின், இவ்வமைதிக்கு நூலகத்தே சான்றும் உண்டு. இஃது ஒருவகை வழுவமைதி.

கண்ணாடி நாடு

2006ஆம் ஆண்டின் 'ட்வைலைற் பிரின்சஸ்' வேறொரு விந்தையை உடையது. கேம்கியூப் என்னும் கருவிக்கென ஆக்கப்பட்ட அவ்விளையாட்டு, அவ்வாண்டிலேயே வெளிவந்த வீ என்னும் புதிய கருவிக்கும் உரியதாயிற்று. புதிய கருவியில் விளையாடுவோன் கையை வீசினால் வீரன் வாளை வீசுவான். வீரனோ மரபாக இடக்கையன். விளையாடுவோருட் பெரும்பாலார் வலக்கையர். இவ்விடர்ப்பாட்டைத் தீர்க்க ஆசிரியர் கண்ட வழி, உலகம் முழுவதையும் கண்ணாடியிற் காண்பதுபோல இடவலமாகத் திருப்பிவிடுதல். வீரன் வலக்கையனானான், அவனோடு மேற்கிலிருந்த பாலை கிழக்குக்கும், கிழக்கிலிருந்த மரணமலை மேற்குக்கும் சென்றன. ஞாயிறு செல்லும் திசையும் புரண்டது. ஒரே ஆண்டு, ஒரே நூல், இரண்டு நாடுகள். இரண்டும் ஆசிரியரே தந்தவை.

இது வழுவா, அமைதியா? கண்ணாடிப் படத்தினுள் மட்டும் வாழ்வோனுக்கு முரண்பாடு சிறிதும் தோன்றாது. எல்லாம் ஒருங்கே திரும்பியமையின் ஒன்றோடொன்று கொண்ட உறவு பிறழவில்லை. ஆயினும் தொடர் முழுவதையும் கருதுமிடத்து இது சிறு குற்றமன்று. 1991க்கும் 1998க்கும் இடையே ஏரியும் காடும் ஊரும் அலைந்தபோதும் நிலைநின்றவை இரண்டே: மலை வடக்கையோ கிழக்கையோ சார்தலும், பாலை மேற்கைச் சார்தலும். பகைவன் ஞாயிறு மறையும் திக்கிலிருந்து வருபவன் என்பதில் ஒரு பொருளும் உண்டு. நாட்டின் அச்சாய் நின்ற அவ்விரண்டையே கண்ணாடிப் படம் கவிழ்த்தது. காரணம் கதையில் இல்லை. விளையாடுவோனின் கையில் உள்ளது. இதனினும் புறம்பான காரணம் வேறில்லை. 2016இல் இதே விளையாட்டு மற்றொரு கருவிக்குப் புதுக்கி வெளியிடப்பட்டபோது பொதுநிலையில் பழைய திசைகளே மீண்டன. கடினநிலையில் மட்டுமே கண்ணாடி நாடு எஞ்சிற்று. எந்நாடு மெய்ந்நாடு என்னும் வினாவுக்கு ஆக்கியோர் தாமே அளித்த விடையென இதனைக் கொள்ளலாம்.

நடந்து சென்ற கோயில்

எமது கருத்தில் யாவற்றினும் கடுமையான முரண்பாடு காலக்கோயில் பற்றியது. 1998ஆம் ஆண்டின் விளையாட்டில் அக்கோயில் அரண்மனையை அடுத்த நகரத்தே உள்ளது. மாஸ்டர் வாள் என்னும் தெய்வத்தன்மை வாய்ந்த வாள் அங்கே கல்லிற் செருகப்பட்டிருக்கும். அதனைப் பறிக்கும் சிறுவன் ஏழாண்டு கழித்து இளைஞனாய் விழிப்பான். கதையின் உயிர்நிலை அவ்விடமே. 2006ஆம் ஆண்டின் விளையாட்டு அக்கதைக்குப் பல தலைமுறை பிந்தியது. அதில் அதே கோயிலின் இடிபாடுகளைத் தென்புறக் காட்டினுள் காண்கிறோம். சுவர்கள் சரிந்து புல் மண்டிய அவ்விடத்தே வாள் நிற்கின்றது. அங்குள்ள வாயிலொன்றின் வழியே புகின், பண்டைக் காலத்தில் அழியாதிருந்த கோயில் முன்னே தோன்றும். முன்னைய விளையாட்டை அறிந்தோன் அந்த மண்டபத்தை உடனே இனங்காண்பான். இனங்காணவேண்டும் என்பதே ஆசிரியர் கருத்து. ஆனால் அரண்மனை அங்கில்லை. அது தொலைவில் வடபால் நிற்கின்றது.

ஏரியும் காடும் இடம்பெயர்ந்ததைப் பழங்கதை மரபென்று ஏற்றோம். ஊர்ப்பெயரும் குடிபெயர்வோருடன் செல்லக்கூடியது. காக்கரிக்கோ இரண்டிடத்தில் இருந்தமைக்கு அவ்வாறு அமைதி கூறலாம். கற்கோயிலோ நடவாது. நகரமும் அரண்மனையும் பிற்காலத்தில் வேறிடத்துக்கு மாற்றப்பட்டன என்பர் சிலர். அது நடக்கக்கூடியதே, ஆயினும் அரசொன்று தன் தலைநகரையே கைவிட்டுப் பெயர்ந்ததாயின் அது நாட்டு வரலாற்றிற் பெருநிகழ்ச்சி. அது நிகழ்ந்ததென விளையாட்டு எங்கேனும் விளங்கச் சொல்லியிருத்தல் வேண்டும். சொல்லாதபோது உரைகாரன் தன் கற்பனையால் இட்டு நிரப்புகிறான். எச்சத்தை வருவித்துரைப்பது உரைகாரன் உரிமை. மூலத்தில் வித்தில்லாத மரத்தை நட்டுவிடுதல் அவன் உரிமையன்று.

இவ்வழு எவ்வாறு நேர்ந்திருக்கும் என்பதை ஊகிக்க முடிகின்றது. 1991ஆம் ஆண்டின் விளையாட்டில் அவ்வாள் கோயிலில் இல்லை. வழிமயக்குங் காட்டினுள் உள்ளது. காட்டிலே வாள் என்னும் நினைவும், கோயிலிலே வாள் என்னும் நினைவும் இரண்டும் தொடரில் வேரூன்றிவிட்டன. 2006இல் ஆசிரியர் இரண்டையும் ஒருங்கே அளிக்க விரும்பினர் போலும். ஆதலிற் கோயிலே காட்டுக்குள் புகுந்தது. 2017இன் 'பிறெத் ஒவ் த வைல்ட்' இம்முடிச்சை அவிழ்த்தது. அதில் வாள் காட்டினுள் நிற்கின்றது. காலக்கோயிலின் இடிபாடு அரண்மனைக்குத் தென்மேற்கே பீடபூமியொன்றின்மேல் தனியே கிடக்கின்றது. கோயில் மூன்றாம் முறையாக இடம்மாறியது உண்மை. ஆயினும் முன்னைக் கதைகளுக்கும் இதற்கும் இடைப்பட்ட காலம் மிக நெடிது; பழம்பெயரிட்டு மீளக் கட்டிய கோயிலென இதனைக் கொள்ளத் தடையில்லை. 2006ஆம் ஆண்டின் வழுவுக்கு அவ்வமைதி பொருந்தாது.

இவ்விடத்தில் ஒரு விதி பெறப்படுகின்றது. வாசகனிடம் நினைவை எதிர்பார்க்கும் ஆசிரியன், அந்நினைவோடு கூடிய இடத்துக்கும் பொறுப்பாளியாவான். 'முன்னர் நீ கண்ட கோயில் இது' என்று உள்ளத்தை உருக்க முனைவோன், 'முன்னர் அது எங்கிருந்தது?' என்னும் வினாவை விலக்க இயலாது.

அகத்தின் உரிமையும் புறத்தின் கடமையும்

2011இல் நின்ரெண்டோவின் ஒத்துழைப்போடு யப்பானில் வெளியிடப்பட்ட 'ஹைரூல் ஹிஸ்ற்றோறியா' என்னும் நூல், அதுவரை வந்த விளையாட்டுகளை ஒரு காலவரிசையில் நிறுத்திற்று. 1998ஆம் ஆண்டின் கதைக்குப்பின் காலம் மூன்று கிளைகளாய்ப் பிரிகின்றது என்பது அதன் கூற்று. காலத்துக்கு இவ்வாறு ஒழுங்கு செய்தவர் இடத்துக்கு அதனைச் செய்திலர். முதற்பொருள் இரண்டினுள் பொழுது வரலாறாயிற்று. நிலம் பழங்கதையாகவே நின்றது. தொடரின் உண்மையான குறை இதுவென்பது எம் துணிபு.

நம் மரபில் அகப்பாட்டில் தலைவன் பெயர் சுட்டப்படுவதில்லை. ஆதலின் அங்கு நிலம் திணையாய் அமைந்தாற் போதும். அவ்வூர் எங்குள்ளது என்பார் இலர். புறப்பாட்டிலோ மன்னன் பெயரும் ஊரும் போரும் சுட்டப்படும். அப்பாட்டு வரலாற்றுக்கு விடைகூறக் கடமைப்பட்டது. பழங்கதையாய் நின்றவரை ஹைரூல் நாட்டுக்கு அகத்தின் உரிமை உண்டு. காலவரிசை வகுத்து, இன்ன கதைக்குப்பின் இன்ன கதை எனச் சுட்டிய நாள்முதல் அது புறத்தின் கடமையை ஏற்றுக்கொண்டது. உரிமையை வைத்துக்கொண்டு கடமையை மறுத்தல் ஆகாது.

ஒழுங்கு பேணல் இவ்வாசிரியர்க்கு இயலாததும் அன்று. 2002இன் 'விண்ட் வேக்கர்' பழைய ஹைரூல் முழுவதையும் கடலுக்குள் ஆழ்த்தி, 49 கட்டங்களாலாய பெருங்கடலை அதன்மேற் பரப்பிற்று. நிலம் மாறியதேன் என்பதே அங்கு கதையாயிற்று. இதனினும் சிறந்த வழுவமைதி இத்தொடரில் இல்லை. 2013இன் 'ஏ லிங்க் பிற்வீன் வேர்ல்ட்ஸ்' 1991ஆம் ஆண்டின் நிலத்தையே பெரும்பாலும் அவ்வாறே காத்தது. 2017ஆம் ஆண்டின் விளையாட்டை நெறிப்படுத்திய ஹிடெமாரோ புஜிபயாஷி, தம் ஊராகிய கியோத்தோவின் படத்தை ஹைரூல் படத்தின்மேல் வைத்து, இடத்துக்கு இடம் உள்ள தொலைவை அளந்துணர்ந்தார். நடப்போன் காலுக்கு உண்மையான தொலைவை அளிக்க அவர் கொண்ட கவலை போற்றத்தக்கது.

அதனைத் தொடர்ந்து 2023இல் வெளிவந்த 'ரியேர்ஸ் ஒவ் த கிங்டம்' அதே நிலத்தைக் கொண்டது. மேலே வானத் தீவுகளும் கீழே பாதாளமும் சேர்ந்தன. மேலே மலையெனின் கீழே பள்ளம். மேலே நீர் ஓடுமிடத்தில் கீழே சுவர். மேலுள்ள ஒவ்வோர் ஆலயத்துக்கும் நேர்கீழே ஓர் ஒளிவேர். ஆலயப் பெயரை ஆங்கிலத்திற் பின்னிருந்து படித்தால் அவ்வேரின் பெயர். மேற்படத்தை அறிந்தோன் கீழ்ப்படத்தைக் கணித்தே நடக்கலாம். படங்கள் தம்முள் ஒத்திருத்தல் வெறும் கணக்கன்று, இன்பமுமாகும் என்பதற்கு இது சான்று. எனினும் இங்கும் ஒரு குறை உண்டு. முன்னைய விளையாட்டில் நிலமெங்கும் நின்ற ஷீக்கா கோபுரங்களும் அவர்தம் ஆலயங்களும் மறைந்தன. எவ்வாறு மறைந்தன என்பதற்குக் கதையிற் போதிய விடையில்லை. நிலத்தைக் காத்தவர் நிலத்தின்மேல் நின்றவற்றை மறந்தார்.

முடிவு

மேற்கூறியவற்றால் போதருவன இவை. சட்டம் விரிந்து பழையதை உட்கொள்வது வழாநிலை. கதையே காரணம் காட்டி நிலத்தை மாற்றுவதும், பழங்கதை மரபில் திணைகாத்துத் திசைமாற்றுவதும் வழுவமைதி. கருவியின் வசதிக்காக நாட்டைத் திருப்புவதும், நினைவை வேண்டிநின்று அந்நினைவின் இடத்தைப் பிறழ்த்துவதும் வழு.

இவை விளையாட்டுத்தாமே, இத்துணை ஆராய்ச்சி எதற்கு என்பார் உளர். கற்பனையை ஒரு தலைமுறையினர் எவ்விடத்தே பெறுகின்றனரோ அவ்விடத்தே திறனாய்வும் சென்று நிற்றல் வேண்டும். வியப்பதற்கு மட்டும் பழகிய உள்ளம் ஆசிரியன் தந்ததனைத்தையும் ஏற்கும். குறைகாண மட்டும் பழகிய உள்ளம் எதனையும் சுவைக்காது. படத்தோடு படத்தை வைத்து நோக்கி, இது அமையும், இது அமையாது எனக் காரணங்காட்டி உரைக்கும் மாணவன் இரண்டினின்றும் தப்பினவனாவான். நாட்டையும் சுவைப்பான், வழுவையும் அறிவான்.